புல்வெட்டும் வண்டியில் ஸ்னோபுளோவர்: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது

கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும் அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலும் ஊரை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனால் பல வீடுகளின் கொட்டகையில் ஒரு ரைடிங் மோவர் நிற்கும். மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் வண்டி. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை அதற்கு வேலை. நவம்பரில் போர்வை போட்டு மூடிவிடுவார்கள். அதற்கடுத்த மாதங்களில்தான் வாசல் பாதையில் பனி முழங்காலளவு குவியும். இருபது குதிரைத்திறன் இன்ஜின் உள்ளே சும்மா நிற்க, வெளியே ஆள் மண்வெட்டியோடு மல்லுக்கட்டுவார்.

அந்த மல்லுக்கட்டு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம் உள்ள பாதையில் 20 செ.மீ. பனி விழுந்தால் அதன் கன அளவு 24 கன மீட்டர். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 2,400 கிலோ. ஈரப்பனி என்றால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கனக்கும். அதனால்தான், மோவரின் முன்னால் பனியை வாரி எறியும் ஸ்னோபுளோவர் ஒன்றை மாட்டிவிட்டால் என்ன என்ற யோசனை எல்லாருக்கும் வருகிறது. பழைய புளோவர்கள் மலிவாகவும் கிடைக்கின்றன. ஆனால் விற்பனைக்கு வருவது வேறு கம்பெனி வண்டிக்காகச் செய்ததாக இருக்கும். நம் வண்டியில் அது ஏறுமா?

பல சமயம் ஏற்றலாம். இன்ஜின் வலு இதில் பெரிய தடையே இல்லை. புளோவரின் பாரமும் அடியும் வண்டியின் எந்த இடத்தில் போய் இறங்குகின்றன, இன்ஜினின் சுழற்சி எந்தத் திசையில், எந்த வேகத்தில் புளோவருக்குப் போகிறது, இந்த இரண்டில்தான் வேலை வெற்றி பெறுவதும் கெடுவதும். இரண்டையும் சரியாகக் கணக்குப் பண்ணினால் சாதாரண வெல்டிங் பட்டறையிலேயே காரியம் முடியும்.

எந்த வண்டி?

ரைடிங் மோவர் என்ற ஒரே பெயரில் மூன்று வகை வண்டிகள் உண்டு. இரண்டு கைப்பிடிகளால் ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வண்டியை இந்த வேலையில் சேர்க்காமல் விட்டுவிடுவது நல்லது. அதன் முன் சக்கரங்கள் தள்ளுவண்டிச் சக்கரம்போல் தானாகத் திரும்புபவை. முன்னால் பாரத்தைத் தொங்கவிட்டால் பனியில் வண்டி நம் பேச்சைக் கேட்காது.

அடுத்தது லான் டிராக்டர். வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். இதன் சட்டம் மெல்லிய தகட்டை வளைத்துச் செய்தது. மூன்றாவது, கார்டன் டிராக்டர். கனமான சட்டம், வார்ப்பிரும்பு முன் அச்சு, வலுவான பின் கியர். மாற்றிப் பொருத்தும் வேலைக்கு இதுவே முதல் தேர்வு. லான் டிராக்டரிலும் முடியும். ஜான் டீர் தன் 100 வரிசை வண்டிகளுக்கே 44 அங்குல புளோவர் விற்றிருக்கிறது. கப் கேடட்டும் தன் எக்ஸ்டி வரிசைக்கு 42 அங்குலத்தில் ஒன்று கொடுக்கிறது. ஆனால் இங்கே பிழைக்கு இடம் மிகக் குறைவு.

லான் டிராக்டர்கள் பலவற்றில் பின் சக்கரங்களை ஓட்டுவது டஃப் டார்க் கே46 போன்ற, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சிறிய ஹைட்ரோஸ்டேட்டிக் பெட்டி. கனத்த பாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளே எண்ணெய் சூடாகி இழுவை குறையும். ஆனால் தகடு மாட்டிப் பனியைத் தள்ளுவதைவிடப் புளோவர் இந்தப் பெட்டிக்கு நல்லது. புளோவரில் வேலையைச் செய்வது இன்ஜின். சக்கரங்கள் வண்டியை மெல்ல முன்னே நகர்த்தினால் போதும். ஹைட்ரோஸ்டேட்டிக்கில் இன்னொரு வசதி, இன்ஜினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டே வண்டியை ஊரவிடலாம். கியர் மாற்றி ஓட்டும் பழைய வண்டிகளில் சிலவற்றுக்கு முதல் கியரே கனத்த பனிக்கு அதிக வேகம்.

முதலில் குடும்பத்தைத் தேடுங்கள்

ஆங்கிள் இரும்பை அறுக்கத் தொடங்கும் முன் ஒரு சோதனை. வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் வேறாக இருந்தாலும் அடியில் இருக்கும் சட்டம் ஒன்றாக இருக்கலாம். சியர்ஸ் கடைகளில் கிராஃப்ட்ஸ்மன் என்ற பெயரில் விற்ற வண்டிகள் பலவும், ஹஸ்க்வர்னா, பூலான் புரோ வண்டிகள் பலவும் ஒரே தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எம்டிடி என்ற நிறுவனம் தன் பெயரிலும் டிராய்-பில்ட், யார்டு மெஷின்ஸ் போன்ற பெயர்களிலும் வண்டிகள் செய்தது. இப்படிப்பட்ட உறவு இருந்தால், ‘வேறு கம்பெனி’ புளோவர் ஓரிரு துளை மாற்றத்தோடு உட்கார்ந்துவிடும். பின்பக்கத் தகட்டில், இருக்கைக்கு அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். முன்பக்க மூடியில் உள்ள பெயரைவிட அதற்குத்தான் மதிப்பு.

உறவு இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. கியூபெக்கின் ஆட்ஸ்டாக்கில் உள்ள பெர்கோமாக் நிறுவனம் ஒரே புளோவரைப் பல கம்பெனி வண்டிகளுக்குப் பொருத்துவதற்கென்றே தனித்தனி அடிச்சட்டங்களை விற்கிறது. அடிச்சட்டம் தனியாகக் கிடைக்குமானால் அதையே வாங்குங்கள். பட்டறைக் கூலியும் இரும்பு விலையும் சேர்த்தால் பெரும்பாலும் வித்தியாசம் அதிகம் வராது, தலைவலி மிச்சம்.

இரண்டும் இல்லாதபோதுதான் நாமே செய்யும் கட்டம் வருகிறது.

பாரம் எங்கே இறங்குகிறது

முதலில் புல் வெட்டும் தட்டைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். அது தொங்கிய இடத்தில்தான் புளோவரின் அடிச்சட்டம் வரப்போகிறது.

பலர் செய்கிற வேலை, முன் பம்பர் இருக்கும் இடத்தில் இரண்டு துளை போட்டு அங்கேயே புளோவரை மாட்டிவிடுவது. பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் பனிக்கடியில் மறைந்திருக்கும் நடைபாதை விளிம்பில் புளோவரின் ஓரம் ஒருமுறை முட்டினால் அந்த அடி முழுவதும் மெல்லிய தகட்டின் நுனியில் போய் விழும். துளை நீள்வட்டமாகும், பிறகு தகடு கிழியும். சரியான அடிச்சட்டம் வண்டியின் வயிற்றுக்கடியில் இரண்டு நீண்ட கைகளாகப் பின்னோக்கிப் போக வேண்டும். பின் அச்சுக்கு அருகில், சட்டம் தடிப்பாக இருக்கும் இடத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். முன்பக்கப் பிடிப்பு புளோவரைத் தூக்கி நிறுத்த மட்டும். முட்டும் அடியை வாங்குவது பின்பக்கம். கால் அங்குலத் தடிப்புள்ள ஆங்கிள் அல்லது சதுரக் குழாய் இதற்கு ஏற்றது. சட்டத்தின் மீது நேரடியாக வெல்டிங் வைக்காதீர்கள். போல்ட் போட்டால் வசந்த காலத்தில் கழற்றிவிட்டுப் புல் தட்டை மாட்டலாம், மெல்லிய தகடும் சூட்டில் பலமிழக்காது.

இப்போது எடைக் கணக்கு. 100 கிலோ புளோவர், அதன் எடை மையம் முன் அச்சிலிருந்து 60 செ.மீ. முன்னால் இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 120 செ.மீ. என்று வையுங்கள். புளோவரைத் தரையிலிருந்து தூக்கும் நேரம் முன் அச்சில் ஏறுவது 100 கிலோ அல்ல, 150 கிலோ. கூடுதல் 50 கிலோ பின் சக்கரங்களிலிருந்து பிடுங்கப்பட்டது. வண்டியை நகர்த்துவதும் நிறுத்துவதும் பின் சக்கரங்கள்தான். அவை இலேசானால் பனியில் சுழன்றுகொண்டே நிற்கும். சரிவில் இறங்கும்போது பிரேக் பிடித்தாலும் வழுக்கும். அது வெறும் தொல்லை அல்ல, ஆபத்து.

இழந்த 50 கிலோவைத் திருப்பிக் கொடுக்க, பின் அச்சுக்கு 45 செ.மீ. பின்னால் சுமார் 36 கிலோ எடையைத் தொங்கவிட்டால் போதும். நெம்புகோல் நியாயப்படி அந்த 36 கிலோ பின் அச்சில் 50 கிலோவாக உட்காரும், முன் அச்சின் பாரத்திலும் கொஞ்சத்தைக் குறைக்கும். சக்கரத்தின் உட்குழியில் போல்ட் போடும் எடைகளும் உண்டு. அவை சட்டத்தையும் அச்சையும் அழுத்தாமல் நேராகத் தரையை அழுத்தும். டயருக்குள் திரவம் நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உறைந்துபோகும். கார் கண்ணாடி கழுவும் குளிர்காலத் திரவம் உதவும்.

இதோடு பின் டயர்களில் சங்கிலி. புல்தரை டயருக்குப் பனியில் பிடிமானம் கிடையாது. சங்கிலி மாட்டிய பிறகு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று சக்கரத்தை முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எடையை ஏற்றிக்கொண்டே போவதும் நல்லதல்ல. பிடிமானம் அளவுக்கு மீறினால், முட்டும்போது சக்கரம் சுழன்று தப்பிப்பதற்குப் பதிலாக அந்தச் சிறிய ஹைட்ரோஸ்டேட்டிக் பெட்டி அடி வாங்கும்.

தூக்குவதற்குப் புல் தட்டைத் தூக்கும் நெம்புகோலையே பயன்படுத்தலாம். ஆனால் புளோவர் அந்தத் தட்டைவிட மிகக் கனம். உதவிக்கு ஒரு வலுவான ஸ்பிரிங் சேர்க்க வேண்டும். அல்லது 12 வோல்ட் மின்சார ஆக்சுவேட்டர் ஒன்றை வைத்தால் சுவிட்சைத் தட்டித் தூக்கலாம்.

சுழற்சி எப்படிப் போகிறது

மாற்றிப் பொருத்துவதில் மூளைக்கு வேலை கொடுப்பது இந்தப் பகுதிதான்.

இன்றைய ரைடிங் மோவர்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜின் ஷாஃப்ட் செங்குத்தாகக் கீழே இறங்கும். அதன் அடியில் ஒரு புல்லி. புல் தட்டின் பெல்ட் அதில்தான் ஓடுகிறது. மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள் திசையில் சுழலும். புல் தட்டின் கத்திகளும் தரைக்கு இணையாகவே சுழல்வதால் பெல்ட் நேராகப் போனால் போதும். புளோவரின் இம்பெல்லர் அப்படியில்லை. வண்டியின் முன்னே பார்த்தபடி நின்று சுழலும் விசிறி அது. அதன் புல்லியும் நின்ற நிலையில் இருக்கும். ஆகவே வழியில் எங்கேயாவது பெல்ட் 90 டிகிரி திரும்பியாக வேண்டும். இரண்டு சிறு புல்லிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதைத் திருப்புவார்கள். வேறு சில புளோவர்களில் இந்தத் திருப்பத்தை ஒரு கியர்பாக்ஸ் செய்துவிடும். அப்படிப்பட்டது கையில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பெல்ட்டைத் திருப்பும்போது அதை எந்தப் பக்கம் முறுக்குகிறோம் என்பதை வைத்து இம்பெல்லர் சுழலும் திசை மாறும். தவறான பக்கம் முறுக்கினால் இன்ஜின் முழங்கும், எல்லாம் சுழலும், பனி மட்டும் வெளியே வராது. ஆகர் என்னும் திருகு, பனியை நடுவுக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக இரு ஓரங்களுக்கும் தள்ளிக்கொண்டிருக்கும். இதை இன்ஜினை இயக்காமலேயே கண்டுபிடிக்கலாம். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை எல்லாப் புல்லிகளிலும் மாட்டி, இன்ஜின் புல்லியில் மட்டும் மாட்டாமல், அது சுழலும் திசையில் பெல்ட்டைக் கையால் இழுங்கள். ஒருவர் முன்னால் தள்ளி நின்று திருகைக் கவனிக்கட்டும். அதன் சுருள் நடுவை நோக்கி நகர்ந்தால் சரி.

அடுத்தது வேகம். புல் வெட்டும் இன்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 3,400 சுற்று சுற்றும். இம்பெல்லருக்கு வேண்டியது ஆயிரத்தை ஒட்டிய சுற்று. இன்ஜினில் 4 அங்குலப் புல்லியும், இன்ஜினுக்கும் இம்பெல்லருக்கும் இடையில் வைக்கும் நடு ஷாஃப்டில் 8 அங்குலப் புல்லியும் வைத்தால் வேகம் பாதியாகி 1,700. அதே நடு ஷாஃப்டில் 5 அங்குலப் புல்லி ஒன்றை வைத்து, இம்பெல்லரில் 8 அங்குலப் புல்லிக்குக் கொடுத்தால் 1,060 சொச்சம். 12 அங்குல இம்பெல்லரின் விளிம்பு அப்போது மணிக்கு 61 கி.மீ. வேகத்தில் போகும். பனி நன்றாகவே பறக்கும்.

இதைக் கணக்கிடாமல், கிடைத்தது என்று இரண்டு பக்கமும் ஒரே அளவுப் புல்லியை மாட்டினால்? அதே விளிம்பு மணிக்கு 195 கி.மீ. வேகத்தில் சுழலும். அந்த வேகத்துக்கென்று அந்தத் தகடுகளை யாரும் வெல்டு செய்யவில்லை. ஒரு கல் மாட்டினால் தகடு பிய்ந்து பறக்கலாம். புல்லியின் விட்டத்தை அளந்து இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாமல் இன்ஜினைத் தொடவே கூடாது என்பேன். புளோவரின் பழைய கையேடு கிடைத்தால் அதற்கு உரிய வேகத்தை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பெல்ட்டின் நீளத்தை அளக்க ஒரு கயிறு போதும். அது பெல்ட் போகும் வழியெல்லாம் சுற்றி வரட்டும். இறுக்கும் புல்லி தன் ஓட்டத்தின் நடுவில் இருக்கும்போது அளவெடுங்கள். அப்போதுதான் பெல்ட் பிற்பாடு நீண்டாலும் இறுக்க இடம் இருக்கும். அகலம் அரை அங்குலமா, எட்டில் ஐந்து அங்குலமா என்பதை இன்ஜின் புல்லியின் பள்ளம் சொல்லும். பெல்ட்டின் உட்பக்கம் தொடும் இறுக்கிக்குப் பள்ளமுள்ள புல்லி, வெளிப்பக்கம் தொடுவதற்குத் தட்டையான புல்லி. திருப்பத்துக்கு முன்னும் பின்னும் பெல்ட்டுக்குப் போதிய நீளம் வேண்டும். கட்டையான இடத்தில் முறுக்கினால் பெல்ட் பள்ளத்தை விட்டு நழுவும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு பரிசோதனை. புளோவரை முழுதாகத் தூக்கி, ஸ்டியரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். பிறகு புளோவரை இறக்கி அதையே செய்யுங்கள். பெல்ட் போகும் வழி, ஸ்டியரிங் கம்பிகள், மேலும் கீழும் ஆடும் முன் அச்சு மூன்றும் ஒரே குறுகிய இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. நின்ற வண்டியில் அரை அங்குல இடைவெளி இருந்தது, ஒரு பக்கச் சக்கரம் மேடேறியதும் அச்சு பெல்ட்டில் உரசியது என்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற கதை.

கை வைக்கக் கூடாதவை

இருக்கையிலிருந்து ஆள் எழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கைக்கு அடியில் இருக்கிறது. புளோவர் மாட்டும்போது தொல்லை என்று அந்த வயரைத் துண்டித்து முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னோக்கி வரும்போது கத்திகளை நிறுத்தும் ஏற்பாடும் பல வண்டிகளில் உண்டு. பனி எடுக்கும்போது முன்னும் பின்னும் போய்வர வேண்டியிருப்பதால் அது உண்மையிலேயே இடைஞ்சல்தான். அதற்கு உற்பத்தியாளரே கொடுத்திருக்கும் தற்காலிக விலக்குப் பொத்தானையோ சாவி நிலையையோ கையேட்டில் பார்த்துப் பயன்படுத்துங்கள். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் மூடி கட்டாயம். பெல்ட் கால் வைக்கும் இடத்துக்குக் கீழேதான் ஓடுகிறது.

ஆகர் ஷாஃப்டில் வலுக்குறைந்த ஒரு போல்ட் இருக்கும். கல்லோ செய்தித்தாள் கட்டோ மாட்டினால் தானே முறிந்து, கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. அது முறிந்தால் அதே வகைப் போல்ட்டைத்தான் போட வேண்டும். கடினமான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை முறிவது கியர்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. பனியை வெளியே எறியும் சூட் என்னும் குழாய் ஈரப்பனியில் அடைத்துக்கொள்ளும். எல்லாப் புளோவரும் ஒருநாள் அடைக்கும். கையை உள்ளே விடாதீர்கள். இன்ஜினை நிறுத்திய பிறகும் விடாதீர்கள். அடைப்பு இறுகி நிற்கும்போது பெல்ட்டிலும் ஷாஃப்டிலும் ஒரு முறுக்கம் தேங்கி நிற்கிறது. பனிக்கட்டி விலகிய நொடியில் இம்பெல்லர் ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். வட அமெரிக்க மருத்துவமனைகளில் குளிர்காலந்தோறும் விரல் இழந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையை விட்டவர்களும் அதில் உண்டு. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஒரு நீண்ட கட்டையால் குத்திக் கிளறுங்கள். அந்தக் கட்டையைப் புளோவரின் மேலேயே ஒரு பிடிப்பில் மாட்டி வைத்துவிட்டால் கை தன்னால் அதைத் தேடும். சூட்டின் உட்புறம் சிலிக்கோன் தெளித்தால் அடைப்பே குறையும்.

ஓட்டும் நாளில்

கோடையில் ஊற்றியிருந்த எஸ்ஏஇ 30 எண்ணெய் குளிரில் கெட்டியாகிவிடும். கையேடு அனுமதிக்கும் 5டபிள்யூ-30க்கு மாற்றுங்கள். புளோவரின் இரு ஓரங்களிலும் இருக்கும் சறுக்குக் கட்டைகளை, ஜல்லிப் பாதையாக இருந்தால் தரைக்கு மேல் ஓர் அங்குலம் தூக்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் கல்மழை பொழியும். கான்கிரீட் பாதைக்கு அதைவிடத் தாழ்வாக வைக்கலாம். இன்ஜின் முழு வேகம், வண்டி ஊர்தல், இதுதான் முறை. ஆழமான பனியில் முழு அகலத்தையும் எடுக்காமல் பாதி அகலமாக எடுங்கள். தெருவைச் சுத்தம் செய்யும் நகராட்சி வண்டி நம் வாசலில் தள்ளிவிட்டுப் போகும் வரப்பு மட்டும் தனி ரகம், அழுத்தப்பட்ட, ஈரமான, கட்டி கலந்த பனி. அது உறைந்து கல்லாவதற்கு முன் போய் எடுத்துவிட வேண்டும். எடுத்ததைச் சாலையில் எறியக் கூடாது. ஒன்டாரியோவில் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு அனுமதியின்றிச் சாலையில் பனி கொட்டுவதைத் தடை செய்கிறது.

யாருக்கு இந்த வேலை ஏற்றது? நூறடிக்கு மேல் பாதை, தடித்த சட்டமுள்ள டிராக்டர், அளந்து வெட்டத் தெரிந்த ஒரு கை, இவை மூன்றும் இருந்தால் செய்து பாருங்கள். நல்ல வேலை, பல குளிர்காலங்களுக்கு உதவும். மார்க்கம், பிராம்ப்டன் போன்ற நகரங்களில் இரண்டு கார் நிற்கும் வாசல் மட்டுமே உள்ளவர்களுக்கு, நடந்து தள்ளும் சிறிய இயந்திரமே போதும். இந்தச் செலவும் இடமும் வீண்.

பழைய புளோவர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் நிற்கும் சிவப்புப் பெட்டியைப் பார்த்து விலை பேசாதீர்கள். அதோடு வந்த அடிச்சட்டம், திருப்பும் புல்லிகள், தூக்கும் கம்பி, கையேடு நான்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் பாதி விலைக்குக் குறைத்துக் கேளுங்கள், மீதிப் பாதியை நீங்கள் பட்டறையில் செலவழிக்கப் போகிறீர்கள். வாங்குவதையும் பொருத்துவதையும் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். பெல்ட் அளவு ஒருமுறையாவது மாறும், புல்லி ஒன்றுக்காவது ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிவரும்.